உதவிக்கு அழைத்தால் ஊர் கேட்க அழையுங்கள்

அடுத்த வாரம் நான் நம் கேஸ் கம்பெனியின் எமர்ஜென்சி வண்டியிலிருந்து இறங்குகிறேன். கேஸ் டாங்கர் கவிழ்ந்தாலோ, சிலிண்டர் லாரியில் தீப்பிடித்தாலோ திருவனந்தபுரத்தில் முதலில் ஓட வேண்டிய வண்டி அது. இனி எனக்குப் பயிற்சிப் பிரிவில் ஒரு மேசை. என் இடத்துக்கும் இன்னும் இரண்டு இடங்களுக்கும் நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்திருக்கிற உங்கள் மூவருக்காக இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, ஆர்டர்கள் மலையாளத்தில் வரும், இரண்டும் தானாகப் பழகிவிடும். நான் எழுதுவதை எட்டிப் பார்த்த நம் வண்டி டிரைவர் ஷிபு, “எடா செல்வா, முப்பத்திரண்டு வயசுல ரிட்டயர்மெண்ட் ஸ்பீச்சா?” என்று சிரித்தான். சிரிக்கட்டும். அவனும் இந்தக் கதையில் வருகிறான்.

வால்வை எப்படி அடைப்பது, தண்ணீர்த் திரையை எங்கே பிடிப்பது என்பதையெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. நம்மோடு சேர்ந்து ஆபத்துக்குள் இறங்குகிற வெளியாட்களைப் பற்றி. கிரேன் ஓட்டுகிறவர், தண்ணீர் லாரிக்காரர், கயிறு கொண்டு ஓடி வருகிறவர். வேலை முடிந்ததும் நாம் ஆபீசுக்குத் திரும்பிவிடுவோம். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? சில பேர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள்.

என் அப்பா சாலைக் கம்போளம் என்கிற கடைவீதியில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஸ்டேஷன் இருக்கிற தெருவில் நடக்க நேர்ந்தால் அப்பா ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், அந்தக் கட்டடம் கடந்த பிறகு திரும்பவும் தாண்டி வருவார். ஒரு தப்பும் செய்யாதவர். “நம்ம சொல்லு அங்க எடுபடாதுலே” என்பார். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அந்தப் பயத்தின் எடை புரிந்தது.

நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு சட்ட வகுப்பு நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம், மோர்க்குழம்பும் ஃபேன் காற்றுமாகப் பாதி வகுப்பு தூங்கிக்கொண்டிருந்தது. வகுப்பெடுத்த வக்கீல் மேடம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பேரிடர் நேரத்தில் அரசாங்க அதிகாரிகளுக்காக வேலை செய்கிற எவர் மீதும், நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காக வழக்குத் தொடர முடியாது என்று சட்டம் சொல்வதாகச் சொன்னார். நான் கையைத் தூக்கினேன்.

“மேடம், வழியில போற ஒருத்தர் ஓடி வந்து உதவி செஞ்சா, அவரும் இதுல வருவாரா?”

“அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா அதுக்குத் தனியா பாதுகாப்பு இருக்கு. நீங்க கேக்கறது வேற. அவர் யாருக்காக வேலை செஞ்சார்னுதான் கோர்ட்டுல முதல்ல கேப்பாங்க. நீங்க கூப்பிட்டா, தனியார் கம்பெனி ஆள் கூப்பிட்டு வந்தவர். கலெக்டரேட் ஆள் கூப்பிட்டா, அரசாங்கத்துக்காக வேலை செஞ்சவர்.”

“கூப்பிட்டாங்கன்னு எப்படி மேடம் நிரூபிக்கிறது?”

அவர் சாக்பீசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நல்லெண்ணம் மனசுக்குள்ள இருக்கும் தம்பி. ஜட்ஜுக்கு மனசு தெரியாது. நாலு பேர் காதுல விழுந்ததுதான் தெரியும்.”

அவரை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. ஆனால் வண்டி ஏறும்போதெல்லாம் அந்த வார்த்தையும் கூட ஏறிவிடும்.

அது தேவைப்பட்ட நாளைச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் பகல் நேரம். ஒரு கேஸ் டாங்கர் பைபாஸிலிருந்து சர்வீஸ் ரோட்டுச் சரிவில் இறங்கிக் கவிழ்ந்து கிடந்தது. வால்வுப் பக்கத்திலிருந்து ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். கசிவு சின்னதுதான். ஆனால் டாங்கர் நிலையாக இல்லை. சரிவில் இன்னும் ஒரு புரள் புரண்டால் வால்வு கான்கிரீட் ஓடையின் விளிம்பில் மோதும். அதற்குப் பிறகு சின்னக் கசிவு என்று யாரும் சொல்ல முடியாது.

சுற்றிலும் ஐடி கம்பெனிப் பிள்ளைகள் தங்கியிருக்கிற ஹாஸ்டல்கள். எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தோம். ஒரு பெண் லேப்டாப்பைத் திறந்தபடியே படியிறங்கி வந்தாள். “ரெண்டே நிமிஷம் அண்ணா, க்ளையண்ட் கால்ல இருக்கேன்” என்றாள். ஷிபு கும்பிட்டான். “மோளே, க்ளையண்டும் நீயும் உயிரோட இருந்தாத்தானே கால்?” அவள் மூடிவிட்டு ஓடினாள்.

தீயணைப்புப் படை கேஸ் பரவாமல் தண்ணீர்த் திரை பிடித்திருந்தது. எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கிரேன், டாங்கரைத் தூக்க வேண்டாம், உருளாமல் இழுத்துப் பிடித்தால் போதும். கம்பெனி கிரேன் வந்து சேர நேரமாகும். பக்கத்திலேயே ஃபிளாட் கட்டும் இடத்தில் ஒரு ஹைட்ரா கிரேன் நின்றது. ஆனால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகத்தான் அது வர வேண்டும். கேஸ் போகிற திசையில் இன்ஜினைக் கொண்டுவர முடியாது. காற்று வருகிற பக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலின் மதில் சுவர் குறுக்கே நின்றது.

கிரேன் டிரைவர் பெயர் இசக்கிமுத்து. அம்பாசமுத்திரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். போலீஸ் கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

“முடியாது தம்பி.”

“அண்ணே, காத்து அந்தப் பக்கம் அடிக்கு, கேஸ் நம்ம மேல வராது. புகைக்குழாயில தீப்பொறி தடுக்கிற மூடி நாங்க மாட்டித் தர்றோம். நானும் கூடவே நிக்கேன்.”

“உசுருக்குப் பயந்தா கிரேன் ஏறுவனா? ஸ்டேஷனுக்குல்லா பயப்படுதேன்.” அவர் என் முகத்தைப் பார்க்காமல் டாங்கரையே பார்த்தபடி பேசினார். “போன தடவ ஓடைக்குள்ள விழுந்த காரை எல்லாரும் ‘அண்ணே அண்ணே’ன்னாகன்னு எடுத்துக் குடுத்தேன். உள்ள இருந்தவரு பொழச்சாரு. பொறவு கதவு நெளிஞ்சிட்டுன்னு கேஸு. கிரேனு ஸ்டேஷன்ல, நான் ரோட்டுல. ‘அண்ணே’ன்ன ஒருத்தனையும் அங்க காணோம். இப்ப செவுத்தை வேற இடிக்கச் சொல்லுதீக.”

அப்பா ரோட்டைத் தாண்டுவது கண்ணில் தெரிந்தது. ‘நான் பாத்துக்கறேன் அண்ணே’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். நான் யார் பார்த்துக்கொள்ள? தனியார் கம்பெனிச் சட்டை போட்ட ஆள். அந்த வாக்குறுதிக்கு ஸ்டேஷனில் டீகூடக் கிடைக்காது.

கொஞ்ச தூரத்தில், போலீஸ் ஜீப் பக்கத்தில் டெபுட்டி கலெக்டர் மேடம் நின்றிருந்தார். மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் அங்கே பொறுப்பில் இருந்தவர் அவர்தான். ஓடினேன்.

“மேடம், அந்த மதிலை இடிக்கணும். கிரேன் டிரைவரை நீங்கதான் கேக்கணும்.”

“செய்யச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடுங்க.”

“நான் சொன்னா நான் சொன்னதாத்தான் ஆகும் மேடம். ஜீப்பு மைக்குல நீங்களே சொல்லணும். அவர் பேரைச் சொல்லி.”

எஸ்.ஐ. என்னை முறைத்தார். “இப்போ மைக்குல பிரசங்கமா? சமயமில்லடோ!” ஷிபுகூட என் தோளைப் பிடித்து இழுத்தான். “எடா, சத்தம் கூடுது, கேக்குதா?” கேட்டது. ‘ஸ்ஸ்’ உண்மையிலேயே கூடியிருந்தது. நான் கேட்டது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் டாங்கர் புரண்டிருந்தால் நான் இன்று இதை வேறு விதமாக எழுதியிருப்பேன், அல்லது எழுதவே ஆள் இருந்திருக்காது. ஆனால் இசக்கியண்ணனைச் சமாதானப்படுத்த அதைவிட வேகமான வழியும் எனக்குத் தெரியவில்லை. “மேடம், அவர் பயப்படுறது டாங்கருக்கு இல்ல. நாளைக்கு வரப்போற போலீசுக்கு” என்றேன்.

மேடம் ஒரு கணம் இசக்கியண்ணனைப் பார்த்தார். பிறகு எஸ்.ஐ.யின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். “அவர் பேர் என்ன?”

“இசக்கிமுத்து. தமிழ்நாட்டுக்காரர்.”

முதலில் மலையாளத்தில் சொன்னார். பிறகு அவருக்குப் புரிய வேண்டும் என்று தமிழில். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, மேடம் திருவனந்தபுரம் கோட்டை அக்கிரகாரத்துத் தமிழ்க் குடும்பம் என்று.

“இசக்கிமுத்து, நன்னா கேட்டுக்கோங்கோ. நான் டெபுட்டி கலெக்டர் பேசறேன். நீங்க இப்போ கவர்மெண்ட்டுக்காக வேலை பண்றேள். செவுத்தை இடிக்கச் சொல்றது நான். டாங்கரைப் பிடிக்கச் சொல்றது நான். எது ஒடஞ்சாலும் உங்களைக் கேக்கப்படாது, என்னைக் கேக்கட்டும்.”

அந்தத் தெருவில் ஒலிபெருக்கியில் ‘பண்றேள்’ என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கயிற்றுக்கு அப்பால் நின்ற கூட்டத்தில், அத்தனை பயத்திலும், ஒரு சிரிப்பு ஓடியது. இசக்கியண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். “அம்மா சொல்லிட்டாகல்லா” என்று மட்டும் சொல்லிவிட்டு கிரேனை நோக்கி நடந்தார். நடக்கவில்லை, ஓடினார்.

மதில் முதல் தள்ளிலேயே விழுந்தது. விழுந்தது பம்ப் ஷெட்டின் தகரக் கூரை மேல். பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரும் அதோடு போயிற்று. அப்புறம் பெல்ட்டைப் போட்டு, அவர் டாங்கரை இழுத்துப் பிடித்த பிடி இருக்கிறதே, நாங்கள் கீழே குனிந்து வால்வை அடைக்கும் வரை ஓர் அங்குலம் அசையவில்லை. ‘ஸ்ஸ்’ நின்றபோது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஷிபு என் ஹெல்மெட்டில் தட்டினான். “நின்றெ மைக் கொள்ளாம்டா” என்றான். அவன் பாராட்டினால் அப்படித்தான் இருக்கும்.

எல்லோரும் நடந்ததை இதோடு முடித்துச் சொல்வார்கள். உங்களுக்கு மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

சில வாரங்கள் கழித்து இசக்கியண்ணன் போன் செய்தார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் என்னைக் கலக்கியது. “தம்பி, ஸ்டேஷன்ல கூப்பிட்டிருக்காவ. செவுத்தை இடிச்சதுக்குக் கேஸாம். விழிஞ்ஞம் துறைமுகத்துல பெரிய கிரேனுக்கு ஆள் எடுக்காவன்னு எழுதிப் போட்டிருந்தேன், கெடச்சிட்டு. கேஸ் இருந்தா கேட் பாஸ் தர மாட்டாவளாம். நான் ஊருக்கே போயிரட்டுமா?”

ஹாஸ்டல் நடத்துகிற லதிகா சேச்சிதான் புகார் கொடுத்திருந்தார். மேலாளரிடம் போனேன். “நீ அங்க போய் நின்னா கம்பெனி பொறுப்பேத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்” என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. சட்டத்தின் அந்தக் குடை உதவிக்கு வந்தவருக்குத்தான். கசிந்த கேஸ் நம்முடையது, டாங்கர் நம்முடையது, அதனால் வந்த சேதத்திலிருந்து நம் கம்பெனிக்கு அவ்வளவு சுலபமாக ஒதுங்க இடமில்லை. அது அவருக்கும் தெரியும்.

“லீவு வேணும் சார்.”

“எதுக்கு?”

“சொந்த வேலை.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “போ” என்றார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மாறியிருந்தார். இசக்கியண்ணன் கதவோரமாக நின்றார். “உக்காருங்கண்ணே” என்றேன். “நிக்கேன் தம்பி. உக்காந்தா எந்திரின்னு சொல்லுவாக, அதுக்கு நின்னுக்கிடலாம்.” நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் உட்கார்ந்ததை இன்றும் பெருமையாக நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

நடந்ததைச் சொன்னேன். புதிய எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார். “எல்லாரும் இப்படித்தான் சொல்றது, ஆபீசர் சொன்னாங்கன்னு. அதை ஆரு காதால கேட்டது?”

“புகார் கொடுத்தவங்களையே கூப்பிட்டுக் கேளுங்க சார்” என்றேன். தைரியத்தில் சொன்னதல்ல. அன்றைக்குக் கயிற்றுக்கு அப்பால், முதல் வரிசையில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்ற சேச்சி என் நினைவில் இருந்தார்.

லதிகா சேச்சி வந்தார். வந்ததும் முதல் வார்த்தை, “ஓட்டோவிலதான் வந்தேன். ஸ்கூட்டர் இல்லல்லோ.” சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மதில் இல்லாமல் நாயும் ஆளும் உள்ளே வருகிறது, பாதிப் பெண்கள் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டார்கள், யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே வந்தேன் என்றார். “என்றெ மதிலு ஆரு கெட்டித் தரும்?”

எஸ்.ஐ. கேட்டார். “இந்த ஆளோட பேரைப் புகாரில எழுதினது நீங்களா?”

“இல்ல. கிரேன் இடிச்சதுன்னு எழுதினேன். பேர் நீங்க போட்டது.”

“இடிக்கச் சொன்னது ஆருன்னு அறியாமோ?”

“அறியாதிருக்குமோ? ஊரே கேட்டதல்லே!” சேச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். மைக் பிடிக்கிற மாதிரி கையை வாயருகே வைத்துக்கொண்டார். “‘செவுத்தை இடிக்கச் சொல்றது நான். டாங்கரைப் பிடிக்கச் சொல்றது நான். என்னைக் கேக்கட்டும்.’ என்றெ பிள்ளைங்க இப்பவும் ஹாஸ்டல்ல ‘வேலை பண்றேளா, வேலை பண்றேளா’ன்னு களியாக்கிட்டிருக்காங்க.”

ரைட்டர் சிரித்துவிட்டார். எஸ்.ஐ.யும் மேசையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். இசக்கியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தனக்கெதிராகப் புகார் கொடுத்தவர் வாயிலிருந்து தன்னைக் காப்பாற்றுகிற வார்த்தை ஒவ்வொன்றாக வருவதைக் கேட்டபடி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப அந்த மேடத்திட்டயே போய்க் கேப்போம் சேச்சி. உங்க மதிலுக்கும், இவர் பேருக்கும்” என்றேன்.

புகார் கொடுத்தவர், குற்றம் சாட்டப்பட்டவர், கேஸ் கம்பெனிக்காரன் மூவரும் ஒரே ஆட்டோவில் குடப்பனக்குன்னு கலெக்டரேட்டுக்குப் போனோம். வழியெல்லாம் சேச்சி இசக்கியண்ணனை விடவில்லை. “கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளியிருந்தா என்றெ ஸ்கூட்டர் தப்பியிருக்கும் அண்ணாச்சி.” அவர், “அடுத்த மட்டம் பாத்து இடிக்கேன் தாயி” என்றார். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

டெபுட்டி கலெக்டர் மேடம் தயங்கவே இல்லை. “ஆமா, நான்தானே சொன்னேன்” என்றார். ஸ்டேஷனுக்கு அவரே எழுதினார். மதிலும் ஷெட்டும் ஸ்கூட்டரும் நம் கம்பெனியின் பொறுப்பு என்று தீர்மானமாயிற்று. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “உன் சொந்த வேலை நம்ம தலையில ஒரு மதிலை வச்சிருச்சுடா” என்றார். திட்டு அவ்வளவுதான். மதில் கட்டும்போது ஒருநாள் அவரே போய் நின்று பார்த்துவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. இசக்கியண்ணனின் பெயர் வழக்கிலிருந்து நீங்க, அலைச்சல் இருந்தது. துறைமுகத்தில் அவருக்காக வைத்திருந்த இடம் போய்விடுமோ என்ற நிலையில்தான் கேட் பாஸ் கிடைத்தது. கிடைத்த அன்று அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி கேட்டார் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் உடைக்கலாம் என்று அர்த்தமில்லை. கவனமில்லாமல் செய்ததற்குச் சட்டம் குடை பிடிக்காது. நான் வக்கீலும் இல்லை. எனக்குத் தெரிந்தது நம் வண்டியின் வழக்கம் மட்டும். வெளியாளை உள்ளே இறக்கும் முன், அங்கே பொறுப்பில் இருக்கிற அரசு அதிகாரி அவர் பெயரைச் சொல்லி, செய்ய வேண்டியதைச் சொல்லி, கூட்டம் கேட்கும்படி அழைக்க வேண்டும். அன்றிலிருந்து நம் குழுவில் இது நடக்கிறது. இதைத் தொடங்கி வைத்தவன் நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. நேரமில்லை என்று உங்களிடமும் கத்துவார்கள். கத்தட்டும்.

போன மழைக்காலத்தில், காலை நேரம், துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு கேஸ் டாங்கர் சறுக்கி, மீனவர் வீடுகளுக்கு மேலே சரிந்து நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துறைமுகத்திலிருந்து ஒரு கிரேன் ஏற்கெனவே வந்திருந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு இசக்கியண்ணன். வருவாய்த்துறையிலிருந்து இளம் தாசில்தார் ஒருவர் நனைந்துகொண்டு ஓடி வந்தார். “சேட்டா, வேகம் வண்டி எடுக்கு!”

இசக்கியண்ணன் ஏறவில்லை. “சார், எம் பேரு இசக்கிமுத்து. நீங்க யாரு, நான் என்ன செய்யணும்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஒருக்கா சொல்லிருங்க.”

தாசில்தாருக்குப் புரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிற்றுக்கு அப்பால் நின்ற ஒரு பெண், அவரைச் சொல்லச் சொல்லிக் குரல் கொடுத்தார். “பறயு சாரே, ஞங்ஙளும் கேக்கட்டே!”

தாசில்தார் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, மழைக்கு மேலே கேட்கும்படி, தன் பதவியையும் இசக்கிமுத்து என்ற பெயரையும் செய்ய வேண்டிய வேலையையும் கத்திச் சொன்னார்.

இசக்கியண்ணன் ஏறி உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். கிரேன் உறுமியது. நான் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு என் வால்வைப் பார்க்கப் போனேன்.